களிமண் பூட்டு

பதினேழாயிரத்து முந்நூற்று ஐம்பது. நெட்டை தன் அக்காவுக்குத் தர வேண்டியிருந்த பணம் அது.

வீட்டுக்குக் கூரை மாற்ற அக்கா சேர்த்து வைத்திருந்த பணம். பழைய சரக்கு வண்டி ஒன்று மலிவாக வருகிறது, ஓட்டி ஓட்டியே அடைத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிப் போனான். இரண்டாம் மாதமே வண்டி இன்ஜின் போய்ப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

எனக்கு இதெல்லாம் முதலில் தெரியாது. தண்ணீர்க் குழாய் பதிக்க எங்களை ஏற்றி வந்த லாரி அந்தத் தெருமுனையில் நின்றபோது, எல்லோரும் மண்வெட்டியும் கூடையுமாகக் குதித்து இறங்கினோம். நெட்டை மட்டும் தெருவைப் பார்த்தபடி லாரியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விட்ட புள்ள மாதிரி முழிக்கிற? இறங்கு," என்றார் மேஸ்திரி.

இறங்கினான். இறங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கச் சுற்றிக் கட்டிக்கொண்டான்.

"நாத்தத்துக்கு," என்றான், யாரும் கேட்காமலே.

பள்ளத்துக்குள் எனக்கும் அவனுக்கும்தான் ஜோடி. காலை டீ வருவதற்குள் உண்மையைக் கக்கிவிட்டான். தெருவின் கடைசி வீடு. நீலக் கேட், ஒட்டுப் போட்ட தகரக் கூரை. அவன் அக்கா வீடு.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. குழி தோண்டி உள்ள போயிடலாம் போல இருக்கு."

"அதைத்தானே பண்ணிக்கிட்டு இருக்கோம்," என்றேன்.

சிரித்தான். துண்டுக்கு மேலே தெரிந்த கண் சிரிக்கவில்லை.

பெயருக்கு ஏற்ற ஆள் அவன். பள்ளம் நெஞ்சளவு ஆழம்தான். அவன் நிமிர்ந்து நின்றால் தலை கொக்குத் தலை மாதிரி தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நாள் முழுக்க முதுகை வளைத்தபடியே வேலை செய்தான். பார்க்கிற எனக்கு இடுப்பு வலித்தது.

அந்தத் தெரு பழைய குப்பைமேட்டின் மேல் எழுந்த தெரு. வருஷக்கணக்காக ஊர்க் குப்பையைக் கொட்டி, பிறகு மேலே மண்ணைப் பரப்பி மூடி, மனை போட்டு விற்றிருந்தார்கள். வீட்டுச் சுவர்களில் படிப்படியாக விரிசல் இறங்கியிருந்தது. விளக்குக் கம்பங்கள் குடித்தவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. மேலே இரண்டு சாண் செம்மண். அதைக் கீறினால் கறுப்பு.

அந்தக் கறுப்பை மண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே இருந்த எழுத்துகூட அழியாமல் பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. கந்தல் துணி, கண்ணாடிச் சில்லு, மருந்துப் புட்டி, ஒற்றைச் செருப்பு. நல்ல மண்ணை வெட்டினால் வெட்டிய பக்கம் சுவர் போல நிற்கும். இது நிற்கவில்லை. வெட்ட வெட்டச் சரிந்தது. இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகுதான் இறங்க முடிந்தது. உள்ளங்காலுக்கு அடியில், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல ஒரு சூடு. காலை வேளையில் பள்ளத்திலிருந்து ஆவி கிளம்பும். அடியில் கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அழுகிய முட்டை நாற்றம். மேஸ்திரி கழுத்தில் வாயு பார்க்கும் மீட்டர் ஒன்று தொங்கியது. முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"சிகரெட்டை எடுத்தவன் இன்னையோட வீட்டுக்குப் போயிடலாம். நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல. ரொம்ப ஏறிடுச்சுன்னா மூக்கு செத்துப்போயிடும். திடீர்னு நாத்தமே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு மேல ஏறிடுங்க."

இன்னொன்றும் சொன்னார். குழாய்க்கு அடியில் ஜல்லி பரப்புகிறோம். ஜல்லிக்கு இடையில் சந்து இருக்கும். குப்பையில் பிறக்கும் வாயு அந்தச் சந்து வழியாக, தெருவில் ஆள் நடப்பது போல நடந்து, வீடுகளுக்கு அடியில் போய்விடும். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், வீட்டுக்குப் பிரிகிற பள்ளத்தில், குழாயைச் சுற்றிலும் களிமண்ணை வைத்து, காற்றுகூட நுழையாதபடி திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். நாங்கள் அதைப் பூட்டு என்போம்.

"பூட்டு போடாம ஒரு வீட்டு வாசலையும் மூடக் கூடாது. மூடினா அது வீடு இல்ல, அடுப்பு."

திமிசு போடுவதில் நெட்டையை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு இடிக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பான். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன்.

"பதினேழாயிரம்." இடி. "முந்நூறு." இடி. "அம்பது." இடி.

"உனக்கு வேற பாட்டே தெரியாதாடா?"

"தூக்கத்துலயும் இதுதாண்ணே வருது."

வெயில் ஏறுகிற நேரத்தில் தினமும் நீலக் கேட் திறக்கும். அக்கா தண்ணீர்ச் செம்பும் டம்ளர்களுமாக வருவாள். குள்ளமான பெண். தனியாகத் தையல் தைத்துப் பிழைக்கிறவள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். எங்கள் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பள்ளத்துக் கோடியில் சுவரைப் பார்த்துக் குனிந்திருக்கும் முதுகைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

"அந்த ஆளுக்கு மட்டும் தாகமே எடுக்காதா?"

"அவன் ஒட்டகம்மா. ஒரு தடவை குடிச்சா ஒரு வாரம் தாங்கும்," என்பேன்.

"பாவம். முதுகு கூனிப்போகப் போகுது," என்பாள்.

ஒரு காலை நாங்கள் பள்ளத்தில் இறங்கியபோது, இரவு மழையில் பலகை இடுக்கு வழியாகக் குப்பை சரிந்திருந்தது. சரிந்தது குவியலாகக் கிடக்க வேண்டும்.

குவியலாக இல்லை.

பள்ளத்தின் அடியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. கண்ணாடி தனியாக. துணி தனியாக, மடித்து. தகரம் தனியாக. செருப்புகள் தனியாக.

"யாருடா வேலை மெனக்கெட்டு இதைப் பண்ணினது?" என்று மேலே பார்த்துக் கத்தினேன். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். அவர் முகம் சாம்பல் பூத்தது போல ஆனது. எல்லாவற்றையும் காலால் கலைக்கச் சொன்னார். பிறகு என்னை மட்டும் பலகைக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"இது குப்பைமேடா இருந்தப்ப நான் குப்பை லாரி ஓட்டினேன் பெருசு. இந்த மேட்டுல ஒரு அம்மா பொறுக்கிட்டு இருக்கும். கையில கம்பிக் கொக்கி. மத்தவங்க சாக்குல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க. இது உக்காந்து பிரிச்சுப் பிரிச்சு அடுக்கும். யாராவது எதையாவது தொலைச்சுட்டேன்னு வந்து நின்னா, எப்படியும் தேடி எடுத்துக் குடுத்துடும். காசு வாங்காது."

"பின்ன?"

"'செத்த நேரம் உங்க வீட்டுக்குள்ள உக்காந்துக்கறேன்'னு கேக்கும். அவ்வளவுதான். ஒருத்தரும் விடல. அப்படி ஒரு நாத்தம் அது மேல." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு மழையில மேடு சரிஞ்சு அந்த அம்மா அடியில போயிடுச்சு. தோண்டினா இன்னும் சரியும்னு சொல்லிட்டாங்க. மேல மண்ணு கொட்டின லாரியில என் லாரியும் ஒண்ணு. கம்பியால கீறுற சத்தம் கேக்குதுன்னு ஒருத்தன் ஓடி வந்து சொன்னான். நான் இன்ஜினை அணைக்கல."

மீட்டரைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று பிற்பகல் கடைசிக்கு முந்தின வீட்டில் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். நெட்டை இடித்தான். நான் களிமண்ணை எடுத்துக் கொடுத்தேன்.

"பதினேழாயிரம்."

கர்ர்.

பலகைக்குப் பின்னால்.

"முந்நூறு."

கர்ர்.

நெட்டை திமிசை நிறுத்தினான். அதுவும் நின்றது. மறுபடி தூக்கி இடித்தான். "அம்பது."

கர்ர்.

"எலி," என்றேன்.

"எலியாண்ணே?"

"பின்ன என்ன?"

பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. அந்தக் கறுப்பிலிருந்து என் கண்ணில் சூடாகக் காற்று பட்டது. யாரோ மிக அருகில் மூச்சு விட்டது போல.

மறுநாள் நீலக் கேட்டின் முறை. மதியமே வானம் இருண்டு வந்தது. மழைக்கு முன் மூடிவிட வேண்டும் என்று மேஸ்திரி பறந்தார். குழாய் இறங்கிவிட்டது, ஜல்லி பரப்பியாயிற்று. நான் களிமண் கூடையோடு விளிம்பில் நின்றேன். நெட்டை உள்ளே.

கேட் திறந்தது. அக்கா நேராகப் பள்ளத்தின் தலைமாட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரே ஒரு டம்ளர்.

"தம்பி. இன்னைக்காவது நிமிர்ந்து இதைக் குடிச்சிடு."

வீட்டுக்குப் பிரிகிற பள்ளம் குறுகலானது. பூட்டுப் போட வேண்டுமென்றால் வீட்டைப் பார்த்து மண்டியிட வேண்டும். முகம் அவள் காலடிக்கு நேரே வரும். வேறு வழியே கிடையாது.

நெட்டை மண்டியிடவில்லை. பக்கத்தில் கிடந்த ஜல்லியையும் குப்பை மண்ணையும் காலாலேயே அந்த இடத்தில் தள்ளி மூடினான். மண் மூடும் மிஷின்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, நாய் போல நாலு காலில் மறுபக்கம் போய் மேலே ஏறி, லாரிக்குப் பின்னால் மறைந்தான். மிஷின் ஒரு வாய் மண்ணை அள்ளிக் கொட்டியது.

களிமண் கூடை என் கையிலேயே இருந்தது.

"பூட்டு போட்டாச்சா?" தூரத்திலிருந்து மேஸ்திரி கேட்டார்.

நெட்டை தலையை ஆட்டுவது தெரிந்தது. பிறகு அவன் என்னைப் பார்த்தான். அடி வாங்கப்போகிற பிள்ளையின் பார்வை. நான் களிமண்ணைத் தெருவோரம் கொட்டினேன். முதல் தூறல் அதன் மேல் விழுந்தது. அக்கா டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தாள்.

வேலை அடுத்த தெருவுக்கு நகர்ந்தது. மழை விட்ட பிறகு, விட்டுப்போன பலகைகளை எடுக்க நான் அந்தப் பக்கம் போனேன். அக்கா வாசலில் தையலோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்து, உதடு வெளுத்திருந்தது.

"தலைவலிப்பா. படுத்தா எழுந்திரிக்கவே மனசு வரல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு அதிசயம் பாரேன்."

வாசலிலிருந்தே உள்ளே காட்டினாள். மேஜை மேல் பொத்தான்கள் அளவு வாரியாக. நூல்கண்டுகள் நிற வாரியாக. வெட்டிப் போட்ட துணித் துண்டுகள் மடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக. அடுக்களையில் கரண்டி கரண்டியோடு, மூடி மூடியோடு.

"நான் தொடவே இல்ல. எழுந்து பார்த்தா எல்லாம் அடுக்கி இருக்கு. எந்தச் சம்பளத்துக்கு எனக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பா?" என்று சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. "வீட்டுக்குள்ள நாத்தம் ஏதாவது வருதாம்மா?"

"பள்ளம் மூடின அன்னைக்கு வந்துச்சு. குடலைப் புடுங்குற மாதிரி. இப்பக் கிடையாது."

"கொஞ்சம்கூடவா?"

"சுத்தமா இல்லப்பா. நல்லாயிடுச்சு."

என் கையிலிருந்த பலகை நழுவியது.

அக்காவை வெளியிலேயே இருக்கச் சொன்னேன், கதவு சன்னலெல்லாம் நானே ஓடித் திறந்தேன். குழாயில் ஒரு சந்தேகம், பார்த்துவிட்டு வருகிறோம், அதுவரை அடுப்புப் பக்கம் போகாதே, பக்கத்து வீட்டில் இரு என்று எதையோ உளறினேன். பிறகு அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

நெட்டை கேட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"மேஸ்திரிகிட்டச் சொன்னா வேலை போயிடும். நாமளா போய்த் தோண்டினா அக்கா பாத்துடும்."

"தோண்டலைன்னா?" என்றேன்.

அவன் எழுந்து மண்வெட்டியையும் திமிசையும் தோளில் போட்டுக்கொண்டான். நான் களிமண் வண்டியைத் தள்ளினேன். தெருமுனை வரை துண்டு முகத்திலேயே இருந்தது. நீலக் கேட்டுக்கு முன்னால் நின்று அதை அவிழ்த்தான். எத்தனையோ நாளாக வெயில் படாத அந்த முகம், யாருடையதோ போல வெளுத்திருந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டான்.

பக்கத்து வீட்டு வாசலிலிருந்து எழுந்து வந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"முதுகை நிமித்த உனக்கு இத்தனை நாளா?"

"தெரியுமாக்கா?"

"உன் முதுகுக்கு எத்தனை சட்டை தச்சிருப்பேன்? எனக்கு அளவு தெரியாதா? நீயா திரும்பட்டும்னு பாத்தேன்."

நெட்டையின் வாய் கோணியது. "உன் வாசல்ல மட்டும் பூட்டு போடலக்கா. உன் முகத்தைப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு... உள்ள விஷக் காத்து போயிட்டு இருக்கு. எல்லாம் என்னால."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கு ஏன்டா அழுவுற? போடாததைப் போடு."

பட்டப்பகலில் தோண்டினோம். பலகை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, ஜல்லி வரை இறங்கினோம்.

இறங்கியதும் இருவர் கையும் நின்றது.

நாங்கள் கொட்டியது கலந்த ஜல்லி. இப்போது பெரிய கல் ஒரு பக்கம், சிறிய கல் மறுபக்கம், கை வைத்து அடுக்கியது போல இருந்தது. நடுவில், குழாயை ஒட்டி ஒரு வழி. ஒரு ஆள் குப்புறப் படுத்து ஊர்ந்து போகிற அகலம். அதன் அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தெருவுக்கு அடியில் கிடந்த குப்பையிலிருந்து வந்து, வீட்டுச் சுவருக்கு அடியில் போனது.

களிமண்ணை அள்ளி அள்ளி அந்த வழியில் திணித்தோம். அவன் திமிசை எடுத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இடித்தான்.

இடி.

கர்ர்.

அவன் எண்ணவில்லை. ஆனாலும் அது எண்ணியது.

இடி. கர்ர். இடி. கர்ர்.

நான் காதைப் பள்ளத்துச் சுவரில் வைத்தேன். தெருப் பக்கம் அமைதி. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

நிறுத்துடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைசி இடி விழுந்துவிட்டது. களிமண் கல்லாகியிருந்தது. நல்ல பூட்டு. அவன் போட்டதிலேயே நல்ல பூட்டு.

"கை கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும். பக்கத்து வீட்டுல சோறு வாங்கி வச்சிருக்கேன்," என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். சன்னல்கள் திறந்தே கிடந்தன, காற்று வீசியது. நெட்டை வாசற்படியில் நின்றுவிட்டான். கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. அதைத்தான் பார்த்தான்.

"அக்கா, உன் பணம். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா..."

"எந்தப் பணம்? அதான் குடுத்துட்டியே."

ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். திறந்தாள். நோட்டுகள் மதிப்பு வாரியாகக் கட்டுக் கட்டாக இருந்தன. சில்லறை அளவு வாரியாக. எல்லாவற்றின் ஓரமும் கறுத்து ஊறியிருந்தது. பள்ளத்தின் அடியில் ஊறும் தண்ணீரின் கறுப்பு அது.

"பள்ளம் மூடின மறுநாள் காலையில நடுவீட்டுல அடுக்கி இருந்துச்சு. சொல்லாம கொள்ளாம ராத்திரி வந்து வச்சிட்டுப் போயிட்டியேன்னு எப்படி அழுதேன் தெரியுமா? எண்ணிப் பாத்தேன். ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல."

அந்த வாரம் நெட்டை டீக்கு என்னிடம் கைநீட்டியவன். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா டப்பாவை மூடினாள். அவன் தாடையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல நிமிர்த்தினாள்.

"கணக்குத் தீந்துச்சு. இனிமே நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். எங்க போனாலும் தலை நிமிந்து போ."

அவன் பேசுவான் என்று நினைத்தேன். பேசினான்.

"ஆமாக்கா. நான்தான் வச்சேன்."

கர்ர்.

தரைக்கு அடியில் இல்லை. தரைக்கு மேலே, மேஜைக்குக் கீழே, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில்.

கர்ர்.

அக்கா குனிந்து பார்க்கவில்லை. சோறு ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ பெருக்கிக்கொண்டு வரும்போது இடம் விடுவது போல, இரண்டு காலையும் மெல்லத் தூக்கிக்கொண்டாள். அது கடந்து போகும் வரை அப்படியே இருந்தாள்.

பிறகு காலை இறக்கி வைத்தாள்.